பேரேடு போய் கம்ப்யூட்டர் வந்தபோது

இந்தியாவின் அரசு வங்கிகள் கையால் எழுதும் பேரேட்டை மூடிவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்துசேர ஏறக்குறைய கால் நூற்றாண்டு பிடித்தது. இயந்திரமயமாக்கல் பற்றி வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டது 1983இல். எல்லாக் கிளைகளையும் ஒரே வலையில் கோக்கும் ‘கோர் பேங்கிங்’ முறை பெரும்பாலான அரசு வங்கிகளில் நிறைவேறியது 2000களின் இறுதியில்தான். இயந்திரம் கிடைக்கவில்லை என்பது இதற்கு முக்கியக் காரணமில்லை. இயந்திரத்தைக் கண்டு லட்சக்கணக்கான ஊழியர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தைப் பேசித் தீர்க்கத்தான் காலம் பிடித்தது. யாரும் கேட்காமல் வந்த ஒரு மாற்றம் எப்படி எதிர்க்கப்பட்டு, எப்படி ஏற்கப்பட்டு, கடைசியில் எப்படிப் பழகிப்போயிற்று என்பதை முழுதாகப் பார்க்க இதைவிடத் தெளிவான இந்திய உதாரணம் குறைவு.

1969 ஜூலை 19 அன்று 14 பெரிய தனியார் வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1980 ஏப்ரலில் மேலும் 6 வங்கிகள் சேர்ந்தன. 1969இல் நாடு முழுவதும் சுமார் 8,000 வங்கிக் கிளைகள் இருந்தன. 1990இல் அந்த எண்ணிக்கை 60,000ஐ நெருங்கியது. தாலுகா தலைநகரங்களிலும் சந்தை கூடும் ஊர்களிலும் கிளைகள் திறந்தன. ஒவ்வொரு கிளைக்கும் கணக்கு எழுத ஆள் வேண்டியிருந்தது. பட்டம் முடித்துவிட்டு வேலை தேடிய ஒரு தலைமுறை அப்படி உள்ளே வந்தது. நடுத்தரக் குடும்பங்களில் வங்கி வேலை என்றால் பெண் கொடுக்க யோசிக்காத காலம் அது. மாதச் சம்பளம், வீட்டுக் கடன், மருத்துவச் செலவு எல்லாம் உண்டு; ஓய்வுபெறும்வரை யாரும் கை வைக்க முடியாது. இந்த நிச்சயத்தை நம்பித்தான் அவர்கள் வாழ்க்கையைக் கட்டியிருந்தார்கள்.

அந்தக் காலத்துக் கிளை இயங்கிய விதம் தெரியாமல் அவர்களுடைய அச்சம் புரியாது. சேமிப்புக் கணக்கு வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் கனத்த அட்டை போட்ட பேரேட்டில் ஒரு பக்கம் உண்டு. பணம் எடுக்க வருபவர் செக்கையோ படிவத்தையோ கவுன்ட்டரில் கொடுத்தால், எண் பொறித்த பித்தளை டோக்கன் ஒன்று கைக்கு வரும். கிளார்க் பேரேட்டைப் புரட்டி இருப்பைப் பார்த்துப் பற்று எழுதுவார். அதிகாரி மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒப்பிட்டுச் சுருக்கொப்பம் இடுவார். அதன்பின் செக் கேஷியரின் கூண்டுக்குப் போகும். அவர் டோக்கன் எண்ணைக் கூப்பிடும்வரை வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அரை மணி நேரம் ஆனால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

கவுன்ட்டர் மூடிய பிறகு இன்னொரு வேலை தொடங்கும். அன்றைய வவுச்சர்களையெல்லாம் கூட்டி நாளேட்டில் எழுதி, பற்றும் வரவும் சமமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இது தினப்படி. இதுபோக, நூற்றுக்கணக்கான தனிக் கணக்குகளின் இருப்பைக் கூட்டி, பொதுப் பேரேட்டில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிடும் ‘பேலன்சிங்’ என்ற வேலை குறித்த இடைவெளியில் வரும். டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தைத் தேடி இரவு வரை உட்கார வேண்டும். அதற்கென்று கைப்பழக்கங்கள் இருந்தன. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும்: 72ஐ 27 என்று எழுதினால் 45 உதைக்கும், 540ஐ 450 என்று எழுதினால் 90 உதைக்கும். வித்தியாசம் இரட்டைப்படை என்றால் அதில் பாதித் தொகையைத் தேடுவார்கள். அது பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கலாம். இந்த வித்தை தெரிந்த ஒருவர் கிளையில் இருந்தால் மேனேஜரே அவர் மேசைக்குப் போய் நிற்பார்.

அரையாண்டு வட்டி போடும் பருவம் இன்னும் கடுமை. சேமிப்புக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டி, மாதத்துக்கு ஒரு தொகையைத் தேர்ந்து, பெருக்கி, பதிய வேண்டும். நீளமான பத்திகளை மனத்தாலேயே மேலிருந்து கீழாகக் கூட்டிவிடும் ஆட்கள் அப்போது கிளைக்குக் கிளை இருந்தார்கள். அழகான கையெழுத்து, பிசகாத கூட்டல், வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்ததும் பேரேட்டுப் பக்கம் நினைவுக்கு வருவது ஆகியவைதான் அவர்களின் மூலதனம்.

கம்ப்யூட்டர் நேராகக் கை வைத்தது இந்த மூலதனத்தின் மேல். வேலை போய்விடும் என்று வெளியே சொன்னார்கள். வேலை போகாவிட்டாலும் மதிப்பு போய்விடும் என்பது வெளியே சொல்லாத பயம். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர், சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத பையனிடம் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கேட்க வேண்டிவரும். சங்கத் தீர்மானங்களில் இடம்பெறாத இந்த இரண்டாவது பயமே முதலாவதைவிட ஆழமானது என்று எண்ண இடமுண்டு. ஏனெனில் வேலைக்கு உத்தரவாதம் எழுத்தில் கிடைத்த பின்பும் தயக்கம் நீடித்தது.

அச்சத்துக்கு ஒரு முன்கதையும் உண்டு. ஆயுள் காப்பீட்டுக் கழகமான எல்.ஐ.சி. 1960களில் கம்ப்யூட்டர் கொண்டுவர முயன்றபோது ஊழியர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கல்கத்தாவில் இலாக்கோ ஹவுஸ் கட்டடத்துக்குள் இயந்திரம் நுழையாதபடி அவர்கள் காவல் இருந்தது தொழிற்சங்க வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. வேலையில்லாப் பட்டதாரிகள் நிறைந்த நாட்டுக்கு ஆள்குறைக்கும் இயந்திரம் எதற்கு என்பது சங்கங்களின் கேள்வி. அதை மூடத்தனம் என்று ஒதுக்க முடியாது. வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் கடிதம் எதிர்பார்த்துக் கிடந்த இளைஞர்கள் அப்போது வீட்டுக்கு வீடு இருந்தார்கள்.

மனித மனம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு உளவியல் ஒரு விளக்கம் தருகிறது. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, கையில் உள்ள நூறு ரூபாய் தொலைவதால் வரும் வலி, புதிதாக நூறு ரூபாய் கிடைப்பதால் வரும் மகிழ்ச்சியைவிடப் பெரிது. 1988இல் வில்லியம் சாமுவேல்சன், ரிச்சர்ட் செக்ஹவுசர் இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள்: பல வழிகள் திறந்திருந்தாலும் இருப்பதை இருக்கிறபடியே விட்டுவிடும் பக்கம்தான் மனிதர்கள் அதிகம் சாய்கிறார்கள். வங்கி ஊழியர் இழக்கப்போவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கிடைக்கப்போவதோ யாரோ ஒரு நிபுணர் அறிக்கையில் எழுதிய வாக்குறுதி. இந்த நிலையில் ‘பயப்படாதே, நாடு முன்னேறுகிறது’ என்று உபதேசம் செய்வதால் பயன் இல்லை. அதை அன்றைய நிர்வாகங்கள் ஓரளவு புரிந்துகொண்டன என்பதுதான் இந்தக் கதையில் சிறப்பு.

பேச்சுவார்த்தை என்ற பழக்கம் அங்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. ஊதியம் முதல் விடுப்பு வரை எல்லாவற்றையும் இருதரப்பு ஒப்பந்தத்தால் முடிவுசெய்யும் வழக்கம் வங்கித் துறையில் 1966இலேயே தொடங்கிவிட்டது. இயந்திரப் பிரச்சினையும் அதே மேசைக்கு வந்தது. 1983 ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, அப்போது ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984இல் அறிக்கை தந்தது. எடுத்த எடுப்பில் முழுக் கம்ப்யூட்டர்மயம் என்று அது போகவில்லை. கிளைகளில் பேரேட்டுப் பதிவை மட்டும் செய்யும் சிறு இயந்திரங்கள், வட்டார, தலைமை அலுவலகங்களில் கம்ப்யூட்டர்கள் என்று படிப்படியாகப் போகச் சொன்னது. ஏ.எல்.பி.எம். என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்தப் பேரேட்டு இயந்திரம் கவுன்ட்டரில் வந்து அமர்ந்தது. ரங்கராஜன் தலைமையிலேயே இரண்டாவது குழு ஒன்று 1989இல் அடுத்த படிகளை வகுத்தது. 1987இலும் 1993இலும் மேலும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின.

ஒப்பந்தங்களின் உள்ளடக்கம் கவனிக்கத் தக்கது. இயந்திரத்தால் யாரையும் வேலையைவிட்டு அனுப்பக் கூடாது. எத்தனை இயந்திரம், எந்த அளவு கிளையில் என்பதற்கு வரம்பு உண்டு. இயந்திரத்தை இயக்குபவர் வெளியிலிருந்து வரமாட்டார்; இருக்கும் ஊழியர்களிலிருந்தே எடுத்துப் பயிற்சி தர வேண்டும். அவருக்குத் தனிப் படி உண்டு. கடைசியாகச் சொன்ன இரண்டும் புத்திசாலித்தனமான ஏற்பாடுகள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது தண்டனை என்ற நிலை மாறி, அது போட்டிபோட்டுக் கேட்கும் இடமாயிற்று. தடுத்து நின்ற கூட்டத்துக்குள்ளேயே மாற்றத்தை விரும்புகிற சிலர் உருவானார்கள். எதிர்ப்பு தளர்ந்ததற்குச் சொற்பொழிவுகளைவிட அந்தப் படித்தொகை அதிகம் உதவியிருக்கும்.

வெளியிலிருந்தும் உதவி வந்தது. 1980களின் நடுவில் டெல்லியில் தொடங்கிய ரயில்வே கம்ப்யூட்டர் முன்பதிவு சில ஆண்டுகளில் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கும் பரவியது. இந்த வண்டிக்கு இந்தக் கவுன்ட்டர் என்று வரிசை மாறி மாறி நின்றவர்கள், எந்தக் கவுன்ட்டரிலும் எந்த வண்டிக்கும் டிக்கெட் வாங்கினார்கள். வங்கி ஊழியரும் ஊருக்குப் போக அதே வரிசையில்தான் நின்றார். 1990களில் தமிழ்நாட்டின் சிறுநகரங்களில்கூட கம்ப்யூட்டர் பயிற்சி மையங்கள் முளைத்தன. பகலில் கம்ப்யூட்டருக்கு எதிராகக் கோஷம் போட்டவர் மாலையில் மகளை அந்த வகுப்பில் சேர்த்துவிட்டு வந்தார். இதை வேடமென்று பழிப்பதில் நியாயமில்லை. தன் வயதில் வருவதை அஞ்சினார். பிள்ளையின் வயதில் வருவதை வரவேற்றார்.

கிளைக்குள் மாற்றம் வந்தபோது அதற்கென்று சடங்குகளும் சேர்ந்தே வந்தன. கம்ப்யூட்டருக்குத் தனி அறை, அந்த அறைக்கு மட்டும் ஏ.சி. தூசி ஆகாது என்று செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். தப்பான பொத்தானை அழுத்தினால் மொத்தக் கணக்கும் அழிந்துவிடுமோ என்ற பயத்தைப் போக்கியது ஒரு நடைமுறை: சில மாதங்களுக்குப் பேரேட்டிலும் எழுத வேண்டும், இயந்திரத்திலும் பதிய வேண்டும். மாலையில் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். வேலை இரட்டிப்பானது உண்மை, முணுமுணுப்பும் இருந்தது. ஆனால் இயந்திரத்தின் கூட்டலும் தன் கூட்டலும் நாள் தவறாமல் ஒன்றாக நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பிக்கை பிறந்தது. வித்தியாசம் வந்த நாட்களில் தப்பு பெரும்பாலும் பேரேட்டில் இருந்தது என்பது சங்கடமான கண்டுபிடிப்பு. அரையாண்டு வட்டியை ஓர் இரவில் இயந்திரம் போட்டு முடித்ததைப் பார்த்தபின் பழைய முறையைத் திரும்பக் கேட்டவர்கள் குறைவு.

1990களின் நடுவில் அவசரம் கூடியது. தாராளமயத்துக்குப் பிறகு உரிமம் பெற்ற புதிய தனியார் வங்கிகள் பேரேடு என்ற ஒன்றையே பார்க்காமல் கம்ப்யூட்டரோடு பிறந்தன. ஏ.டி.எம். வாசலில் இளைஞர்கள் கூடினார்கள். அரசு வங்கிகளுக்கு இன்னொரு நெருக்குதல் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த என். விட்டல், கையெழுத்துக் கணக்கின் தாமதமும் குழப்பமும் மோசடிக்கு இடம் தருகின்றன என்று கருதி, வங்கிகள் தங்கள் வணிகத்தில் 70 சதவீதத்தை 2001 ஜனவரி 1க்குள் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர வேண்டும் என 1998இல் உத்தரவிட்டார். இரண்டு கிளைகளுக்கு இடையிலான பரிமாற்றங்கள் ஆண்டுக்கணக்கில் ஒத்துப்பார்க்கப்படாமல் கிடந்த காலத்தில் அந்த வாதத்துக்கு எதிர்வாதம் எளிதில்லை.

அடுத்தது விருப்ப ஓய்வு. 2000-01இல் அரசு வங்கிகள் வி.ஆர்.எஸ். திட்டத்தை அறிவித்தன. 15 ஆண்டுகள் பணி முடித்தவர்கள் அல்லது 40 வயதைத் தொட்டவர்கள் விண்ணப்பிக்கலாம். பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 60 நாள் சம்பளம், அல்லது மீதமுள்ள பணிக்காலத்துக்கான சம்பளம், இவற்றில் குறைந்தது கைக்கு வரும். எட்டரை லட்சத்துக்கு மேல் இருந்த ஊழியர்களில் சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். வீடு கட்டியவர்கள், மகள் திருமணத்தை முடித்தவர்கள், தொழில் தொடங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் என்று அந்தப் பணத்துக்குப் பல முடிவுகள். சில கிளைகளில் அனுபவஸ்தர்கள் ஒரேயடியாகப் போய்விட, வேலை தெரிந்த ஆள் இல்லாமல் நிர்வாகங்கள் திண்டாடின. போகவிட்டது சரியா என்ற கேள்வி வங்கிகளுக்குள்ளேயே எழுந்தது.

ஆக, அந்தப் பழைய அச்சம் எவ்வளவு நியாயம்? கம்ப்யூட்டரால் வேலை நீக்கம் நடக்கவில்லை. அந்த உறுதி காப்பாற்றப்பட்டது. ஆனால் புதிய ஆளெடுப்பு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு மெலிந்துபோனது. உள்ளே இருந்தவர்கள் தப்பித்தார்கள்; வெளியே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள் விலை கொடுத்தார்கள். அவர்கள் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர்கள் இல்லை என்பதால் அந்தக் கணக்கு எந்த ஒப்பந்தத்திலும் ஏறவில்லை. பின்னர் நிலைமை மாறியது. ஓய்வுபெற்றவர்களின் இடத்தை நிரப்பவும் புதிய கிளைகளுக்கும் ஆள் தேவைப்பட, 2011 முதல் பெரும்பாலான பொதுத்துறை வங்கிகள் வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐ.பி.பி.எஸ். நடத்தும் பொதுத் தேர்வு வழியாக எழுத்தர்களையும் அதிகாரிகளையும் எடுக்கின்றன. அமெரிக்காவிலும் இதைப் போன்ற ஒரு விசித்திரம் நடந்தது. ஏ.டி.எம். பரவிய பல ஆண்டுகளில் அங்கே டெல்லர்கள் எனப்படும் கவுன்ட்டர் ஊழியர்களின் எண்ணிக்கை குறையவில்லை என்று பொருளியலாளர் ஜேம்ஸ் பெஸ்ஸன் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஒரு கிளையை நடத்தும் செலவு இறங்கியதால் வங்கிகள் கூடுதல் கிளைகளைத் திறந்தன. இயந்திரம் ஆளைத் தின்றுவிடும் என்பதும், தின்னவே தின்னாது என்பதும் இரண்டுமே அவசரத் தீர்ப்புகள்.

கோர் பேங்கிங் வந்ததும் வாடிக்கையாளர் ஒரு கிளைக்குச் சொந்தம் என்ற நிலை ஒழிந்தது. மதுரையில் கணக்கு வைத்தவர் மும்பையில் பணம் எடுக்கலாம். 2004இல் ஆர்.டி.ஜி.எஸ்., 2005இல் நெஃப்ட் என்ற மின்னணுப் பணப் பரிமாற்ற முறைகள் தொடங்கின. 2010 ஏப்ரல் 1 முதல் சேமிப்புக் கணக்குக்கு அன்றாட இருப்பின் அடிப்படையில் வட்டி கணக்கிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. 10ஆம் தேதிக்கு முன் பணம் போட வேண்டுமே என்ற பழைய ஓட்டத்துக்கு முற்றுப்புள்ளி விழுந்தது. கோடிக்கணக்கான கணக்குகளுக்கு நாள்தோறும் கையால் வட்டி கணக்கிடுவதை யாரும் கற்பனை செய்யவே முடியாது. சாதாரண வாடிக்கையாளருக்குக் கம்ப்யூட்டர் தந்த நேரடி லாபங்களில் இது முக்கியமானது, பலர் கவனிக்காததும்கூட.

ஊழியரின் கதை இங்கே ஏறக்குறைய முடிகிறது. அதே மாற்றம் பிறகு கவுன்ட்டரைத் தாண்டி வெளியே வந்தது. அங்கே அதற்கு முன்தயாரிப்பு இல்லை. 2016 ஏப்ரலில், போன் வழியே பணம் அனுப்பும் யு.பி.ஐ. முறை அறிமுகமானது. அந்த ஆண்டு நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் அந்த நோட்டுகள்தான். பெருந்தொற்று ஊரடங்கு இன்னொரு தள்ளு தள்ளியது. காய்கறி வண்டி முதல் பூக்கடை வரை க்யூ.ஆர். அட்டை தொங்கியது. ஊழியருக்குக் கிடைத்த பயிற்சியோ, இரண்டையும் சேர்த்துச் சில மாதம் நடத்திப் பார்க்கும் அவகாசமோ, எழுத்துப்பூர்வமான உறுதியோ வாடிக்கையாளருக்குக் கிடைக்கவில்லை. போனைத் திறக்கப் பேரனை எதிர்பார்க்கும் ஓய்வூதியரின் தயக்கம், பேரேட்டு கிளார்க்கின் தயக்கத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. கூடவே அவருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: ஏமாற்றுக்காரர்கள் அந்தத் தயக்கத்தையே முதலாக்கிப் பிழைக்கிறார்கள்.

அவருக்கென்று சில பாதுகாப்புகள் பின்னர் எழுத்தில் வந்தன. பலருக்கு அவை தெரிவதில்லை. 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பணம் கொடுப்பது, வாங்குவது போன்ற அடிப்படைச் சேவைகளை வீட்டுக்கே வந்து செய்து தர ஏற்பாடு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில் வெளியான விதி இன்னும் முக்கியம். வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாத மின்னணு மோசடியில், வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் நஷ்டம் அவருடையதல்ல. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் என்றால் ஒரு வரம்புக்கு உட்பட்ட தொகையே அவர் பொறுப்பு. அதற்குமேல் தாமதித்தால் வங்கியின் கொள்கைப்படி முடிவாகும். ரகசிய எண்ணையோ ஓ.டி.பி.யையோ தானே சொல்லிக் கொடுத்திருந்தால் நிலைமை வேறு: வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேரும் நஷ்டம் அவர் தலையில்தான். ஆகவே பணம் போனது தெரிந்த உடனே வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த எண்ணைப் பெரிதாக எழுதி போன் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.